கினாபாலு மலையில் ஆபத்து எங்கே? வரைபடம் சொல்லும் சேதி

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சுபாங் ஜெயாவிலிருந்து சபாவுக்கு விமானம் ஏறும் குடும்பங்கள் பல. 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு மலையும், 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியத் தலமான கினாபாலு பூங்காவும் அவர்களை இழுக்கின்றன. நம் நாட்டில் நில நடுக்கமா என்று சிரித்தவர்களை 2015 ஜூன் 5, காலை 7.15 மணி வாயடைக்க வைத்தது.

ரானாவ் அருகே 6.0 அளவில் பூமி குலுங்கியது. மலையில் 18 உயிர்கள் பறிபோயின. சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளி மாணவர்களும், ஆசிரியர்களும், உள்ளூர் மலை வழிகாட்டிகளும் அவர்களில் அடங்குவர். கட்டடம் இடிந்து இவர்கள் மாளவில்லை. உருண்டு வந்த பாறைகளே எமனாயின. அபாய வரைபடம் எதற்கு என்பதற்கு இதுவே பதில்.

வரைபடம் எப்படி உருவாகிறது?

முதலில் பழைய கணக்கு. ரானாவில் 1966லும் 1991லும் 5க்கு மேற்பட்ட நடுக்கங்கள் பதிவாகியுள்ளன. 1976ல் லாஹாட் டத்து 6.2 அளவில் அதிர்ந்தது. ஒருமுறை அசைந்த பூமி மறுபடியும் அசையக்கூடும்.

இரண்டாவது, நிலப்பிளவுகள். அடர்ந்த காடு அவற்றை மூடி மறைக்கிறது. விமானத்திலிருந்து லேசர் கதிரை அனுப்பி, மரங்களைக் கணினியில் நீக்கிவிட்டால் தரையின் தழும்புகள் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, சரிவுகள். கினாபாலுவின் உச்சி கருங்கல். பலகை பலகையாக விரிசல் விட்ட பாறைகள் செங்குத்தான சரிவில் தொற்றி நிற்கின்றன. ஒரு குலுக்கல் போதும். அதோடு முடிவதில்லை. 2015ல் சரிந்த மண்ணும் மரமும் பின்னர் பெய்த மழையில் ஆறுகளில் இறங்கின. ரானாவ் வட்டாரத்தில் குடிநீர் விநியோகம் தடைபட்டது. ஆகவே ஆற்றோரமும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

நான்காவது, மனிதர்கள். ஆள் நடமாட்டமில்லாத சரிவில் பாறை விழுந்தால் அது இயற்கை. தங்கும் விடுதிக்கு மேலே விழுந்தால் அது பேரிடர். பாதை, விடுதி, ஓய்விடம் யாவற்றையும் அந்த வரைபடத்தின் மீது வைத்துப் பார்க்க வேண்டும்.

இதனால் என்ன பயன்? பேரிடருக்குப் பின் பாறை விழும் பகுதியைத் தவிர்த்து 'ரானாவ் பாதை' அமைக்கப்பட்டு, 2015 டிசம்பரில் உச்சிக்கு ஏற மீண்டும் அனுமதி கிடைத்தது. 2017ல் நில நடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான மலேசியத் தர விதிகளில் அதிர்வு வரைபடமும் சேர்க்கப்பட்டது.

ஒன்றை மறக்கக்கூடாது. வரைபடம் ஜோதிடம் அல்ல. எந்த நாள், எந்த நேரம் என்று அது சொல்லாது. எந்த இடத்தில் நிற்கக்கூடாது என்று சொல்லும்.

தீபகற்பத்தில் இருக்கும் நாமும் அலட்சியமாக இருக்க முடியாது. 2007 முதல் 2009 வரை பகாங், புக்கிட் திங்கியில் சிறு அதிர்வுகள் பதிவாயின. 2025 ஆகஸ்டில் சிகாமட் 4.1 அளவில் அதிர்ந்தது.

பெற்றோர்களே, பிள்ளைகளை மலைக்கு அனுப்புமுன் பயணச் செலவை மட்டும் கேட்காதீர்கள். பாதையில் பாறை விழும் இடங்கள் எவை, பூமி அதிர்ந்தால் எங்கே ஒதுங்குவது, வழிகாட்டி அதற்குப் பயிற்சி பெற்றவரா என்றும் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.