சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் பாலின வேறுபாடு

சுண்டெலியின் கன்னம், கீழ்த்தாடை, நாவடி ஆகிய மூன்று இடங்களிலும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. இவற்றுள் கீழ்த்தாடைச் சுரப்பியில் பல மரபணுக்களின் வெளிப்பாடு ஆணிலும் பெண்ணிலும் பெரிதும் வேறுபடுகிறது.

காரணம்

இச்சுரப்பியின் நாளங்களில் ஒரு பகுதி, சுரப்புத் துகள்கள் நிறைந்த வளைந்த குழல்களாக அமைந்துள்ளது. ஆண் சுண்டெலி பருவமடையும்போது டெஸ்டோஸ்டிரோன் இயக்குநீரின் தூண்டலால் இக்குழல்கள் பெருக்கின்றன. நரம்பு வளர்ச்சிக் காரணி, புறத்தோல் வளர்ச்சிக் காரணி, ரெனின் ஆகிய புரதங்கள் அவற்றில் மிகுதியாக உருவாகின்றன. இவற்றுக்கான மரபணுக்கள் ஒய் நிறப்புரியில் இல்லை. அவை இரு பாலிலும் உள்ளன. வேறுபடுவது வெளிப்பாட்டின் அளவே. விதையகற்றினால் ஆணின் குழல்கள் சுருங்குகின்றன. பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால் அவை வளர்கின்றன.

கண்டுபிடிப்பில் பங்கு

இச்சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் கண்கள் வழக்கத்தைவிட முன்னதாகத் திறந்ததையும் பற்கள் விரைவில் முளைத்ததையும் அமெரிக்க உயிர்வேதியியலாளர் இசுட்டான்லி கோகன் கண்டார். அதற்குக் காரணமான புறத்தோல் வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்தார். வளர்ச்சிக் காரணிகள் பற்றிய ஆய்வுக்காக அவரும் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆய்வில் கவனிக்க வேண்டியவை

இரு பால் எலிகளின் மாதிரிகளையும் வேறுபடுத்தாமல் கலந்தால், பாலினத்தால் வந்த மாற்றத்தை மருந்தாலோ நோயாலோ வந்ததாகக் கருத நேரிடலாம். மனிதரின் சுரப்பியில் இத்தகைய குழல்கள் இல்லாததால், எலியில் பெற்ற முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்தவும் இயலாது.