வீட்டில் ஆக்சிஜன் சிகிச்சை: கருவி நின்றால் என்ன செய்வது?

நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளோர் பலர் வீட்டிலேயே ஆக்சிஜன் செறிவூட்டியைப் பயன்படுத்துகின்றனர். இக்கருவி அறைக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிரித்து நீக்கி, ஏறத்தாழ 90 முதல் 96 விழுக்காடு ஆக்சிஜனைத் தருகிறது. ஆனால் மின்சாரம் இன்றி இயங்காது.

இன்வெர்ட்டர் இருப்பதால் கவலையில்லை என்று பல குடும்பத்தினர் கருதுகின்றனர். இன்வெர்ட்டர் மின்தடையை மட்டுமே ஈடுசெய்யும். செறிவூட்டியே பழுதானால் பயன்படாது. கடலில் மூழ்குவோர் இரண்டாவது சுவாசக் குழாய் ஒன்றையும் வைத்திருப்பர். அது அதே காற்று உருளையுடன் இணைந்திருப்பதால், உருளை காலியானால் உதவாது. அதற்குத் தனி உருளை வேண்டும். உங்கள் வீட்டிலும் அவ்வாறே, செறிவூட்டியைச் சாராத ஆக்சிஜன் உருளை ஒன்று இருப்பது அவசியம்.

அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கவும். 'பி' வகை உருளையில் ஏறத்தாழ 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் செலவானால் சுமார் 12 மணி நேரம் வரும். 4 லிட்டர் என்றால் 6 மணி நேரமே. அழுத்தமானியின் முள் பாதியில் நின்றால் இந்த நேரமும் பாதியாகும். வால்வை மெதுவாகத் திறந்தபின் தெரியும் அளவே சரியானது. மூடிய நிலையில் முள் காட்டுவது முன்பு குழாயில் தங்கிய அழுத்தமாக இருக்கலாம். உருளையைத் திறக்கும் சாவியை உருளையிலேயே கட்டி வைக்கவும். இரவில் நோயாளியுடன் இருப்பவர் அதனை ஒருமுறையேனும் திறந்து பழகியிருக்க வேண்டும். எண்ணெய், நெய் பட்ட கையால் வால்வைத் தொடக் கூடாது. விளக்கு, அடுப்பு, பீடி ஆகியவை அருகில் இருக்கக் கூடாது.

அளவு காட்டும் கருவிகளையும் முழுமையாக நம்ப வேண்டாம். செறிவூட்டியிலுள்ள மிதவை, எத்தனை லிட்டர் காற்று வருகிறது என்பதை மட்டுமே காட்டும். அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைக் காட்டாது. வடிகட்டும் பகுதி தேய்ந்திருந்தாலும் மிதவை 2 லிட்டரிலேயே நிற்கும். ஆகவே செறிவு குறைந்ததைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே உருளைக்கு மாற்றி, பழுது பார்ப்பவரை அழைக்கவும்.

விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ பல்ஸ் ஆக்சிமீட்டர் தவறான அளவைக் காட்டக்கூடும். விரலைச் சூடாக்கி, பூச்சை நீக்கி மீண்டும் பார்க்கவும். இரத்தத்தில் கரியமில வாயு சேர்வதை இக்கருவி காட்டாது என்பது அதைவிட முக்கியம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் பலருக்கு 88 முதல் 92 விழுக்காடே இலக்காக நிர்ணயிக்கப்படுகிறது. எண் குறைவாக இருக்கிறதே என்று மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் வாயுவைக் கூட்டினால், எண் உயரும். நோயாளியோ அரைமயக்கத்தில் ஆழ்ந்துவிடலாம்.

எனவே எண்ணுடன் முகத்தையும் பார்க்கவும். உதடு நீலமாதல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாமை, குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், எழுந்தவுடன் கடும் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், ஆக்சிமீட்டர் எண் இயல்பாக இருந்தாலும் 108-ஐ அழைக்கவும். ஆம்புலன்ஸ் வரும்வரை மருத்துவர் குறித்த அளவிலேயே ஆக்சிஜனைத் தொடரவும். அந்த அளவு எழுதப்பட்ட மருந்துச் சீட்டை உடன் எடுத்துச் செல்லவும்.