செயல்முறை முடிந்த பின்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை இயங்குதளம் ‘செயல்முறை’ என்ற பெயரில் கணக்கு வைத்து, அதற்கு ஓர் எண் தந்து, நினைவகத்தில் இடம் ஒதுக்கி, அது திறக்கும் கோப்புகளையும் வலைத்தொடர்புகளையும் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. இந்தக் கணக்கு இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் இருப்பதால், வாங்கியதைத் திருப்பித்தர நிரல் மறந்தாலும், பாதியிலேயே முறிந்துபோனாலும், கெர்னலே அவற்றை மீட்டுக்கொள்கிறது.

லினக்ஸில் இவ்வேலை ‘டூ எக்ஸிட்’ என்னும் கெர்னல் செயற்கூறினுடையது. அது முதலில் நினைவகத்தையும் பிறகு கோப்பு அட்டவணையையும் கைவிடுகிறது. ஆனால் கைவிடுவது பெரும்பாலும் அழிப்பதன்று, பயன்படுத்துவோர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பதே. சர்வர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கும் பல ஜிபி பதிவுக்கோப்பை நிர்வாகி ‘ஆர்எம்’ கட்டளையால் நீக்கினால், கோப்பின் பெயர் உடனே மறைகிறது, வட்டிலோ ஒரு பைட்கூடக் காலியாவதில்லை. அதைத் திறந்துவைத்திருக்கும் கடைசிச் செயல்முறை அதை மூடும்போதோ தானே முடியும்போதோ எண்ணிக்கை சுழியாகி, அந்த இடம் விடுபடுகிறது.

எல்லாம் போன பின்னும் செயல்முறையின் எண்ணும், 0 முதல் 255 வரையிலான முடிவுக்குறியீடும் எஞ்சியிருக்கும். இந்நிலையை யூனிக்ஸ் மரபு ‘ஸாம்பி’ என்கிறது; பெயர்தான் பயங்கரம், அது தின்பது அட்டவணையில் ஒரு வரியை மட்டுமே. தன்னைத் தோற்றுவித்த தாய்ச்செயல்முறை ‘வெயிட்’ அழைப்பின் வழியே அக்குறியீட்டைப் பெற்றுக்கொண்டால் அந்த வரியும் நீங்கும். ஏற்கெனவே இறந்துவிட்டதால், செயல்முறையைக் கொல்லும், நிரல்கள் தடுக்க முடியாத 9ஆம் எண் சமிக்ஞைகூட ஸாம்பியை ஒன்றும் செய்வதில்லை. தாய் முடிந்துவிட்டால் வழக்கமாக 1ஆம் எண் செயல்முறை அதைத் தத்தெடுத்து, குறியீட்டைப் பெற்று, கணக்கை முடிக்கிறது. குறியீட்டைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும் தாய்தான் உண்மையான தொல்லை, ஏனெனில் ஸாம்பிகள் குவியக் குவியச் செயல்முறை எண்கள் தீர்ந்து, புதிய நிரலைத் தொடங்கவே இயலாமற்போகும்.

கெர்னல் மீட்காதவையும் உண்டு. எழுதுவதற்காக நிரல் தன் நினைவகத்திலேயே சேர்த்துவைத்த வரிகள், 9ஆம் சமிக்ஞையால் அது திடீரெனக் கொல்லப்பட்டால், கோப்பைச் சேராமலே தொலைகின்றன. தற்காலிகக் கோப்புகளும், ‘டெவ் எஸ்எச்எம்’ அடைவில் பெயரோடு உருவாக்கிய பகிர்நினைவகமும் செயல்முறைக்கு உரியவையாகக் கருதப்படாமையால், யாரேனும் நீக்கும்வரை அப்படியே இருக்கும். ஆனால் பகிர்நினைவகம் கணினியை மறுபடி தொடங்கும்போது தானே மறைந்துவிடும்.