உருளும் சக்கரமே உயிர் காக்கும்

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையை நம்மில் பலர் நன்கு அறிவோம். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்வோரும், ஜென்ஜாரோம், பந்திங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டணம் செல்வோரும், பிள்ளைகளைப் பள்ளியில் விடச் செல்லும் பெற்றோரும் கனரக லோரிகளுக்கு இடையே மோட்டார் சைக்கிளில் பயணம் செய்கின்றனர். தோட்டத்து மண்பாதை தார்ச்சாலையுடன் சேரும் இடங்களில், செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிகளின் சக்கரங்கள் இழுத்து வந்த சேறு படிந்து கிடப்பதுண்டு. அதன் மீது சிறு தூறல் விழுந்தாலும் போதும். சாலை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்.

அத்தகைய வேளையில் முன்னே செல்லும் லோரி திடீரென்று நின்றால் நாம் என்ன செய்வோம்? கையும் காலும் தாமாகவே பிரேக்கை இறுக அழுத்தும். மறுகணம் சக்கரம் நின்றுவிடும். ஆனால் வண்டி நிற்பதில்லை. அது வழுக்கிக்கொண்டே சென்று, ஓட்டியவரைச் சாலையில் வீழ்த்திவிடும்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 7,152 பேர் உயிரிழந்தனர். 2019ஆம் ஆண்டு அத்தொகை 6,167 ஆக இருந்தது. இவ்வாறு மாண்டோரில் பத்தில் ஆறு பேருக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே, சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏ.பி.எஸ். எனப்படும் பிரேக் முறையைப் பற்றித் தோட்ட மக்கள் அனைவரும் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

சக்கரம் நின்றால் வண்டி ஏன் வழுக்குகிறது?

குலைகளை ஏற்றிச் செல்லும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரம் உருளும்வரை அதனை நாம் விரும்பிய பக்கம் திருப்பலாம். சேறு அடைத்துச் சக்கரம் சிக்கிக்கொண்டால், கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நம் சொற்படி கேளாது; சரிவு எப்பக்கமோ அப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

மோட்டார் வாகனத்திலும் இதுவே நிகழ்கிறது. உருளும் டயர் சாலையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிப்பே வண்டியை நிறுத்தவும் திருப்பவும் உதவுகிறது. சக்கரத்தின் வேகம் வண்டியின் வேகத்தைவிடச் சற்றே குறைந்திருக்கும்போது, அதாவது நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்குவரை குறைந்திருக்கும்போது, இப்பிடிப்பு உச்ச நிலையில் இருக்கும். சக்கரம் முற்றிலும் நின்றுவிட்டால் பிடிப்பு குறைகிறது. திருப்பும் ஆற்றல் அடியோடு போய்விடுகிறது. நான்கு சக்கர வாகனம் அப்போதும் கவிழாமல் நேராக வழுக்கக்கூடும். மோட்டார் சைக்கிளோ முன்சக்கரம் உருண்டு திரும்புவதனால்தான் சாயாமல் செல்கிறது. எனவே, முன்சக்கரம் இறுகி நின்ற ஒரு நொடிக்குள் அது விழுந்துவிடும்.

ஏ.பி.எஸ். செய்யும் வேலை

இம்முறையில் சக்கரத்தின் நடுவே பற்கள் அல்லது துளைகள் கொண்ட வளையம் ஒன்று இருக்கும். அதன் அருகிலுள்ள உணர்கருவி, வளையம் சுற்றும் வேகத்தை இடைவிடாது அளந்து, மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அறிவிக்கும். சக்கரத்தின் வேகம் இயல்புக்கு மாறாகச் சட்டென்று குறைந்தால், அது இறுகி நிற்கப் போகிறது என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவி உணர்ந்துகொள்கிறது. உடனே பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை ஒரு வால்வு சிறிது தளர்த்தும். சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் அழுத்தம் திரும்பவும் கூட்டப்படும். ஒரே நொடியில் இவ்வாறு பலமுறை நடைபெறுகிறது. எத்துணைத் திறமை வாய்ந்த ஓட்டுநராயினும் தம் கையாலும் காலாலும் இவ்வேகத்தில் செய்ய இயலாது. காற்றழுத்த பிரேக் கொண்ட பெரிய லோரிகளிலும் பேருந்துகளிலும் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றின் அழுத்தம் இவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது.

விமானத்தில் தோன்றியது

பந்திங்கிற்கு அண்மையில், சிப்பாங்கில் 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அனைத்துலக விமான நிலையத்தில் இறங்கும் பெரிய விமானங்களிலும் இதே தத்துவம் செயல்படுகிறது. ஈரமான ஓடுபாதையில் விமானச் சக்கரங்கள் இறுகி நின்றால் டயர் வெடிக்கும். விமானம் வழி விலகும். இதனைத் தடுக்க 1950களில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் மேக்சரெட் என்னும் கருவியை உருவாக்கியது. மின்னணு முறையிலான ஏ.பி.எஸ்., ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் காரில் பொருத்தப்பட்டது. 1988இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அதனை மோட்டார் சைக்கிளிலும் அமைத்தது.

பின்னர்ப் பல நாடுகள் இதனைச் சட்டமாக்கின. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள் மாடல்களுக்கு 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இது கட்டாயமாக்கப்பட்டது. மலேசியாவில் 150 சி.சி.யும் அதற்கு மேலும் திறனுள்ள புதிய மோட்டார் சைக்கிள் மாடல்களுக்கு 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று.

இங்கே நாம் ஒன்றை மறத்தலாகாது. தோட்ட மக்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் கப்சாய் வண்டிகள் 150 சி.சி.க்குக் குறைந்தவை. அவற்றுள் மிகப் பலவற்றில் ஏ.பி.எஸ். இல்லை. அத்தகைய வண்டியில் சக்கரம் இறுகாமல் காக்கும் பொறுப்பு, ஓட்டுபவரின் கையையும் காலையுமே சார்ந்திருக்கிறது.

ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில்

முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்றஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் மிதிப்போர் பலர். இது தவறான பழக்கம். வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதனால் பின்சக்கரத்தின் பிடிப்பு குறைந்து, அது எளிதில் வழுக்குகிறது. நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்சக்கரத்திடமே உள்ளது. ஆகவே இரு பிரேக்குகளையும் ஒருசேரப் பயன்படுத்துக. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் மெல்லவும் பின்னர் உறுதியாகவும் அழுத்துக. சக்கரம் வழுக்குவதை உணர்ந்தால் உடனே சற்றுத் தளர்த்தி மீண்டும் அழுத்துக. வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடிப்பதைத் தவிர்த்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்க.

ஏ.பி.எஸ். உள்ள வண்டியில்

இவ்வண்டியில் ஆபத்து நேரும்போது பிரேக்கை முழு வலுவுடன் அழுத்தி, வண்டி நிற்கும்வரை விடாது பிடித்திருத்தல் வேண்டும். அப்போது பிரேக் மிதியோ கைப்பிடியோ துடிப்பதுபோல் தோன்றும். அது பழுதன்று, கருவி வேலை செய்வதன் அறிகுறியாகும். துடிப்பைக் கண்டு அஞ்சிக் காலை எடுத்துவிடலாகாது. அழுத்தியவாறே தடையை விலக்கி வண்டியைத் திருப்பவும் இயலும். இம்முறையின் தலையாய பயன் இதுவேயாகும். எனினும் மோட்டார் சைக்கிளில் செல்வோர் மெதுவாகவே திருப்புதல் வேண்டும்.

வண்டியை இயக்கும்போது எரியும் ஏ.பி.எஸ். விளக்கு, வண்டி நகரத் தொடங்கியபின் அணைந்துவிட வேண்டும். அணையாவிடில் அப்பாதுகாப்பு இயங்கவில்லை என்று பொருள். தோட்டத்துச் சேறு உணர்கருவியில் படிவதும் இதற்கு ஒரு காரணமாகலாம். புதிய வண்டி வாங்குவோர், ஏ.பி.எஸ். முன்சக்கரத்திற்கு மட்டுமா, இரு சக்கரங்களுக்குமா என்று கேட்டறிதல் நலம். ஒன்றை அழுத்தினால் இரு பிரேக்குகளும் சேர்ந்து பிடிக்கும் முறை வேறு. அது சக்கரம் இறுகுவதைத் தடுக்காது.

கருவிக்கும் எல்லை உண்டு

தேய்ந்த டயருக்கு ஏ.பி.எஸ். பிடிப்பைத் தந்துவிடாது. சரளைக் கற்கள் நிறைந்த தோட்டத்துச் செம்மண் பாதையில், ஏ.பி.எஸ். உள்ள வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரமும் தேவைப்படலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடந்துவிடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கை வைக்க ஒரு நொடி ஆகுமாயின், அதன்பின் உலர்ந்த சாலையிலேயே நிற்பதற்கு ஏறத்தாழ 45 மீட்டர் வேண்டும்; மொத்தம் 70 மீட்டர். மழையில் இத்தூரம் இன்னும் நீளும். எனவே முன்செல்லும் லோரிக்கும் நமக்கும் இடையே போதிய தூரம் விடுதல் இன்றியமையாதது.

நாளைக் காலை வேலைக்குப் புறப்படுமுன் டயரின் தேய்மானத்தையும், இரு பிரேக்குகளின் பிடிப்பையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடமே. மாலையில் நாம் நலமாகத் திரும்பி வருவதை எதிர்நோக்கி வீட்டில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்வோமாக!