மேற்கோள் பெற்ற ஆய்வு உடனே மருத்துவமாகிவிடுமா?

சில மாதங்களுக்கு முன் நம் புறநோயாளர் பிரிவிற்கு ஓர் இளைஞர் தம் தந்தையாரை அழைத்து வந்தார். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள ஒரு மலைக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். தந்தையாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று மாதங்களாக உடல் மெலிந்துகொண்டே வந்தது. விடாத இருமலும் இருந்தது. புற்றுநோயாக இருக்குமோ என்னும் அச்சம் குடும்பம் முழுவதையும் வாட்டியிருந்தது.

அந்த இளைஞர் தம் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். இரத்தத்தில் உள்ள புரதங்களைக் கொண்டு எல்லாப் புற்றுநோய்களையும் தொடக்கத்திலேயே கண்டறியலாம் என்றும், அம்முறைக்கு அடிப்படையான ஆய்வுகள் ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டவை என்றும் அதில் எழுதியிருந்தது.

"சார், இத்தனை விஞ்ஞானிகள் எடுத்துச் சொல்லும் ஆராய்ச்சி என்றால் உண்மையாகத்தானே இருக்கும்? உழவு மாடு இரண்டையும் விற்றால் பணம் சேர்ந்துவிடும். செய்துவிடலாமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வரிசையில் பலர் காத்திருந்த வேளையில் அதற்கு முழுமையாக விடை கூற இயலவில்லை. இதே ஐயம் வேறு குடும்பங்களுக்கும் எழக்கூடும் என்பதால் அவ்விடையை இங்கே எழுதுகிறேன்.

புரதத் தொகுதி என்றால் என்ன?

நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும், புரதங்களை ஆக்குவதற்குரிய மரபணுக்கள் சுமார் 20,000 உள்ளன. மரபணு என்பது செய்முறைக் குறிப்பு. புரதம் என்பது அக்குறிப்பின்படி ஆக்கப்படும் பொருள். ஊரில் எல்லா வீடுகளிலும் ஒரே சமையல் குறிப்பேடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் சாமைச் சோறு, மற்றொரு வீட்டில் களி, நோயாளி இருக்கும் வீட்டில் கஞ்சி என்று அன்றாடம் சமைப்பது மட்டும் வேறுபடும். அவ்வாறே கல்லீரலில் உருவாகும் புரதங்கள் வேறு, இதயத்தில் உருவாகும் புரதங்கள் வேறு. நோய் வரும்போது இவை மாறவும் செய்கின்றன. ஓர் உறுப்பில் அல்லது உடலில் உள்ள புரதங்கள் அனைத்தையும் சேர்த்துப் புரதத் தொகுதி என்கிறோம். அதனை ஆராயும் துறையின் பெயர் புரோட்டியோமிக்ஸ்.

ஓர் இந்திய ஆய்வாளரின் பயணம்

இத்துறையில் உலகம் அறிந்த பெயர்களுள் ஒன்று டாக்டர் அகிலேஷ் பாண்டே. புனேயில் உள்ள இராணுவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் டென்மார்க்கில் மத்தியாஸ் மான் என்னும் அறிஞருடன் பணியாற்றினார். இருவரும் இணைந்து 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, மரபணுக்களைப் புரிந்துகொள்ளப் புரதங்களை எவ்வாறு ஆராயலாம் என்பதை விளக்கியது. 2002இல், இரு உயிரணுக் கூட்டங்களில் உள்ள புரத அளவுகளை ஒப்பிட்டு அளக்கும் 'சிலாக்' என்னும் முறையை வெளியிட்ட குழுவிலும் அவர் இருந்தார். இவ்விரண்டும் ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டவை.

அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோதே, பெங்களூருவில் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸ்' என்னும் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கினார். அவ்விரு நிறுவனங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து 2014ஆம் ஆண்டு மே மாதம் மனிதப் புரதத் தொகுதியின் முதல் வரைவு வரைபடத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். வளர்ந்தோரின் திசுக்கள் 17, கருவின் திசுக்கள் 7, இரத்தத்தைச் சேர்ந்த உயிரணு வகைகள் 6 என 30 மாதிரிகளை அவர்கள் ஆராய்ந்தனர். புரதங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் நிறையையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவியால் அளந்து, எத்துண்டு எப்புரதத்திற்கு உரியது என்று கணினியால் கண்டறிவதே அம்முறை. 17,294 மரபணுக்களின் புரதங்கள் அவ்வாறு அடையாளம் காணப்பட்டன. புரதம் ஆக்குபவை என அப்போது அறியப்பட்டிருந்த மரபணுக்களில் இது சுமார் 84 சதவீதம்.

மேற்கோள் எதனைச் சொல்கிறது?

ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தாம் பயன்படுத்திய முந்தைய ஆய்வுகளைக் குறிப்பிடுவார். அக்குறிப்பே மேற்கோள். ஒரு கட்டுரை 2,000 மேற்கோள் பெற்றது என்றால், பிற்பாடு எழுதப்பட்ட 2,000 கட்டுரைகள் அதனைக் குறிப்பிட்டுள்ளன என்று பொருள். பலரும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை போன்றது அது. பாதை பயனுள்ளது என்பதற்கு அது சான்று. ஆனால் அப்பாதை நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறதா என்பது வேறு கேள்வி.

பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஒரு மேற்கோள்தான். மறுத்துக் குறிப்பிட்டாலும் ஒரு மேற்கோள்தான். 2014ஆம் ஆண்டின் வரைபடமே இதற்கு எடுத்துக்காட்டு. அது வெளிவந்த அதே ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் ஐயத்தை எழுப்பினர். மணத்தை உணர்வதற்கென மூக்கில் இருக்கும் புரதங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை அவ்வரைபடத்தில் இடம்பெற்றிருந்தன. ஆராயப்பட்ட 30 மாதிரிகளிலோ மூக்கின் திசு இல்லை. எனவே சில துண்டுகள் தவறாக அடையாளம் காணப்பட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் காட்டினர். ஜெர்மனியிலிருந்து அதே இதழில் வெளிவந்த மற்றொரு வரைபடத்திலும் இக்குறை இருந்தது. இதனால் அம்முயற்சி வீணாகிவிடவில்லை. பின்வந்தோர் விதிகளைக் கடுமையாக்கிக்கொண்டு பணியைத் தொடர்ந்தனர். 2020இல், கடுமையான சான்றுகளின் அடிப்படையில், மனிதப் புரதத் தொகுதியில் 90 சதவீதத்திற்கும் மேல் உறுதிசெய்யப்பட்டுவிட்டதாகப் பன்னாட்டு அமைப்பு அறிவித்தது. அறிவியல் இவ்வாறு தன்னைத் தானே திருத்திக்கொண்டு முன்னேறுகிறது.

நம் மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே விண்மீன்களைப் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். அக்குறிப்பு மிகத் துல்லியமானது. ஆயினும் நாளை மழை வருமா என்று அதனைக் கேட்க முடியாது. புரத வரைபடமும் அத்தகையது. ஆய்வாளருக்கு அது பெருஞ்செல்வம். ஒரு தனி நோயாளிக்கு என்ன நோய் என்று அது நேரடியாகச் சொல்வதில்லை.

நான் ஏமாந்த ஒரு செய்தி

2002ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஒரு துளி இரத்தத்தில் உள்ள புரத அமைப்பைக் கணினியால் ஆராய்ந்து சினைப்பைப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்றது. நோயுள்ள 50 மாதிரிகளில் ஐம்பதையும், நோயற்ற 66 மாதிரிகளில் 63ஐயும் சரியாகக் கூறியது. அப்போது நான் மருத்துவ மாணவன். புற்றுநோய்க்கு விடிவு வந்துவிட்டது என்று விடுதித் தோழர்களிடம் பெருமையுடன் பேசியது இன்றும் நினைவிருக்கிறது.

அக்கட்டுரை மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் ஹூஸ்டன் நகரின் புள்ளியியல் வல்லுநர்கள் அத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, கண்ட வேறுபாடுகள் நோயினால் அல்லாமல், மாதிரிகளைக் கையாண்ட முறையாலும் கருவியின் போக்காலும் தோன்றியிருக்கக்கூடும் என்பது தெரிந்தது. அப்பரிசோதனை நோயாளிகளுக்கான அங்கீகாரம் பெறவில்லை.

அந்த முடிவு முழுவதும் சரியாகவே இருந்திருந்தாலும் வேறொரு சிக்கல் இருந்தது. நோயற்ற 100 பேரில் 95 பேருக்கு 'நோய் இல்லை' என்று சரியாகச் சொல்லும் பரிசோதனை நல்லது போலவே தோன்றும். 10,000 பெண்களில் 4 பேருக்கு மட்டும் அந்நோய் இருப்பதாகக் கணக்கிற்கு வைத்துக்கொள்வோம். அனைவருக்கும் இப்பரிசோதனையைச் செய்தால், அந்த நால்வரைக் கண்டறிவதற்காக நோயற்ற 500 பேரிடம் 'உங்களுக்குப் புற்றுநோய் இருக்கலாம்' என்று சொல்ல நேரும். அந்த 500 குடும்பங்களின் உறக்கத்தையும் செலவையும் எந்த மேற்கோள் எண்ணிக்கையும் காட்டுவதில்லை.

2009இல் அமெரிக்காவில் ஐந்து புரதங்களை அளக்கும் ஒரு பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் சினைப்பையில் கட்டி இருப்பது ஏற்கெனவே தெரிந்து, அறுவைக்குச் செல்லவிருக்கும் பெண்களுக்கு மட்டுமே உரியது. நலமாக உள்ளவர்களைச் சோதிப்பதற்கு அன்று.

நம்மிடம் ஏற்கெனவே உள்ளவை

புரதப் பரிசோதனை என்பதே பொய் என்று எண்ணிவிட வேண்டா. சர்க்கரை நோயாளிகளுக்கு நாம் செய்யும் எச்பிஏ1சி, இரத்தத்தின் ஹீமோகுளோபின் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. நெஞ்சுவலியுடன் வருவோர்க்குச் செய்யும் டிரோபோனின், இதயத் தசையின் புரதத்தை அளப்பது. சிறுநீரில் ஆல்புமின் பார்ப்பதும், மலேரியாவிற்கான அட்டைப் பரிசோதனையும் புரதத்தைத் தேடுபவையே. எச்பிஏ1சிக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு 1960களின் இறுதியில் கண்டறியப்பட்டது. அதனைக் கொண்டு சர்க்கரை நோயை உறுதிசெய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றது 2011இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளும் பல நாடுகளில், பல வகை மக்களிடம் சரிபார்ப்பதில் சென்றன. அச்சரிபார்ப்பினால்தான் இன்று அம்முடிவை நம்பி உங்கள் மருந்தின் அளவை மாற்றுகிறோம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

புதிய பரிசோதனை ஒன்றை யாரேனும் பரிந்துரைத்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. என்னைப் போன்ற நோயாளிகளிடம், வேறு வேறு மருத்துவமனைகளில் இது சரிபார்க்கப்பட்டுள்ளதா?

2. இதன் முடிவு எதுவாக இருந்தாலும் என் சிகிச்சை மாறுமா? மாறாது என்றால் எதற்காகச் செய்ய வேண்டும்?

3. நோய் இல்லாதவருக்கு இருப்பதாகவும், இருப்பவருக்கு இல்லையென்றும் தவறாகக் காட்டும் வாய்ப்பு எவ்வளவு?

4. இது சிகிச்சைக்கான பரிசோதனையா, ஆய்வுக்கான பரிசோதனையா? ஆய்வுக்கு என்றால் நீங்கள் பணம் செலுத்த வேண்டியதில்லை. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெற்று, விரும்பினால் மட்டுமே ஒப்புதல் அளிக்கலாம். மறுத்தாலும் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது.

ஆய்விற்கு மனமுவந்து இரத்தம் அளிப்பது நற்செயல். பாண்டே போன்றோரின் பணி அத்தகைய கொடையினால்தான் நடக்கிறது. ஆனால் கொடுப்பது வேறு, நம்பிக்கையை விலை கொடுத்து வாங்குவது வேறு.

அந்த இளைஞரிடம் அன்று, "தம்பி, மாட்டை விற்க வேண்டா. முதலில் அப்பாவின் சளியைப் பரிசோதிப்போம்" என்று மட்டும் கூறினேன். சர்க்கரை நோயாளிக்கு இருமலும் உடல் மெலிவும் இருந்தால் காசநோயை முதலில் எண்ண வேண்டும். சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. மார்பு எக்ஸ்ரேயும் அதனையே காட்டியது. அரசுத் திட்டத்தின் கீழ் மருந்துகள் இலவசமாகக் கிடைத்தன. ஆறு மாதச் சிகிச்சையில் இப்போது நான்காம் மாதம். பெரியவரின் எடை கூடி வருகிறது. சர்க்கரையும் கட்டுக்குள் வந்துள்ளது.

சென்ற முறை வந்தபோது, ஆடிப் பட்டத்தில் சாமை விதைத்துவிட்டதாக அந்த இளைஞர் கூறினார். உங்களிடமும் இத்தகைய விளம்பரமோ தாளோ இருந்தால், அடுத்த முறை வரும்போது தயங்காமல் எடுத்து வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.