வாப்பாவும் அத்தாவும்

ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் இறந்துவிடுகிறார். உள்ளறையில் இருக்கும் பெண்கள் "மௌத்தாப் போயிட்டாக" என்று சொல்லி அழுகின்றனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதே செய்தி "வஃபாத்தாகிவிட்டார்கள்" என்று அறிவிக்கப்படுகிறது. கடைத்தெருச் சுவரொட்டியில் "காலமானார்" என்று அச்சாகிறது. வெளியூரில் பணிபுரியும் பேரன் தன் அலுவலகத்திற்கு எழுதும் விடுப்புக் கடிதத்திலோ "என் பாட்டனார் இறந்துவிட்டபடியால்" என்று வருகிறது. அவரை அவன் பாட்டனார் என்று ஒரு நாளும் அழைத்ததில்லை. எங்கள் கடற்கரை ஊர்களில் பாட்டனாருக்கு ‘அப்பா’ என்று பெயர்.

அன்பு வாசகர்களே! இந்த நான்கினுள் சரியான தமிழ் எது என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? நான்கும் சரியே. சொல்லும் இடமும், சொல்பவரின் வயதும், கேட்பவர் யார் என்பதும் மாறுகின்றன, சொல்லும் மாறுகிறது. எழுத்தறியாத நம் பாட்டிமாரும் இதைப் பிழையின்றிச் செய்தார்கள். மீன்காரரிடம் பேசிய மொழி வேறு, சம்பந்தி வீட்டாரிடம் பேசிய மொழி வேறு.

உறவுப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் தந்தை ‘வாப்பா’. மதுரை, திண்டுக்கல், தேனிப் பகுதியின் ராவுத்தர் குடும்பங்களில் அவரே ‘அத்தா’. மூத்த சகோதரனை ஓரூரில் ‘காக்கா’ என்பார்கள். நாகூர், காரைக்கால் பக்கம் ‘நானா’ என்பார்கள். உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ‘அண்ணன்’ என்றே அழைப்பார்கள். மூத்த சகோதரி ‘ராத்தா’, ‘லாத்தா’. பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கைக்குச் சென்றால், அங்குள்ள முஸ்லிம்களிற் பலர் அக்காளைத் ‘தாத்தா’ என்று அழைக்கக் கேட்கலாம். அதே ஒலி சிங்களத்தில் தகப்பனைக் குறிக்கும். இங்கே நம் அண்டை வீட்டாருக்குப் பாட்டனைக் குறிக்கும். புதிதாக அங்கே சம்பந்தம் செய்துகொண்ட குடும்பத்தார் முதல் வாரத்தில் எத்தனை முறை திகைப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இச்சொற்கள் சில ஊர்களில் மட்டும் இவ்வளவு உறுதியாக நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டென்பது என் எண்ணம். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் கிழக்குக் கரை ஆகிய இடங்களில் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்வதும், மாப்பிள்ளை அங்கு வருவதும் நெடுநாள் வழக்கம். குழந்தை தாயின் தாயிடம் வளர்கிறது. வணிகத்திற்காகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போன ஆண்களின் பேச்சில் பல ஊர்க் காற்று வீசியது; வீட்டிலிருந்த பெண்களின் பேச்சு அசையாமல் நின்றது. ஆகவே பழைய சொல் ஒன்றின் பொருள் தெரிய வேண்டுமானால் ஊர்ப் பெரியவரைவிட அவருடைய மனைவியாரைக் கேட்பதே பயன் தரும்.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. என்னிடம் மாலையில் ஓத வரும் சிறுவர்கள் வீட்டில் ‘ஆணம்’ என்பார்கள். காலையில் வகுப்புத் தோழன் சிரித்தான் என்பதற்காகக் ‘குழம்பு’ என்று மாற்றிக்கொள்வார்கள். மாற்றிக்கொள்வதில் குற்றமில்லை. ஆணம் என்பது கொச்சை என்றும், முஸ்லிம்கள் எங்கிருந்தோ கொண்டுவந்த சொல் என்றும் அவர்கள் நம்பிவிடுவதுதான் வருத்தத்திற்குரியது. ஆணம் தமிழ் அகராதிகளில் இடம்பெற்ற சொல். நாம் விடாமல் வைத்திருக்கும் ‘சோறு’ சங்க நூல்களில் உள்ள சொல். பிறர் நாகரிகம் என்று கருதும் ‘சாதம்’ பின்னால் வந்தது. காலையுணவைப் ‘பசியாறுதல்’ என்னும் அழகுக்கு ஈடாக ‘டிபன்’ என்ற சொல்லில் என்ன இருக்கிறது?

நம் முன்னோர் மார்க்கச் சொற்களை எப்படி அமைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். ஸலாத்தைத் ‘தொழுகை’ என்றார்கள். ஸவ்மை ‘நோன்பு’ என்றார்கள். மஸ்ஜிதைப் ‘பள்ளி’ என்றார்கள். சமணர் தம் உறைவிடங்களுக்கு வழங்கிய பெயர் அது. சிவன் கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். மதரஸாவில் அமர்ந்திருப்பது ஓதுகிற பிள்ளை. இருவருக்கும் வினைச்சொல் ஒன்றே. இந்நாட்டு மண்ணில் இருந்த சொற்களை எடுத்து, அவற்றினுள் தம் நம்பிக்கையை வைத்தார்கள். அதே வேளையில் மௌத்து, கபுறு, பரக்கத்து, ஹயாத்து என அரபுச் சொற்களையும் தமிழ் ஈறு கொடுத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். கொடுக்கல் வாங்கல் ஒருபுறம் மட்டும் நடக்கவில்லை. வக்கீல், வசூல், பாக்கி, ஜாமீன், ரத்து, அசல், நகல், தாலுகா இவையெல்லாம் அரபு வேரிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தவை. இவற்றை விலக்கிவிட்டு ஒரு வழக்கை நடத்த முடியுமா என்று உங்கள் ஊர் வழக்கறிஞரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்று இளைஞர் சிலரிடம் வேறொரு போக்கைக் காண்கிறேன். ‘நோன்பு’ என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ‘ரமலான்’ என்பதும் பிழையாம். ‘ரமதான்’ என்றே சொல்ல வேண்டுமாம். வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் இருந்து திரும்பியவர், பாட்டி ‘ஒளு’ என்றதைத் திருத்துகிறார். சற்று நிதானிப்போம். ‘ளாத்’ என்னும் அரபு எழுத்து நாவின் பக்கவிளிம்பிலிருந்து பிறப்பதாகக் கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இலக்கண மேதை சீபவைஹி விளக்கியிருக்கிறார். நம் தொல்காப்பியமும் லகர ளகரங்களின் பிறப்பைக் கூறுமிடத்தில் நாவிளிம்பைத்தான் சுட்டுகிறது. பர்ளு, ஒளு, ரமளான் என்று சொன்ன நம் பாட்டி, அந்த எழுத்துக்குத் தமிழில் மிக நெருங்கிய ஒலியையே பிடித்திருக்கிறார். ‘ரம்ஜான்’ என்பது பாரசீக, உருது வழி வந்த உச்சரிப்பு. அதையும் இகழ வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, சென்னை திருவல்லிக்கேணி ஆகிய இடங்களின் உருது பேசும் சகோதரர்களுக்கு அதுவே தாய்மொழி வழக்கு.

குர்ஆனை ஓதும்போது ஒவ்வோர் எழுத்தையும் அதன் பிறப்பிடத்திலிருந்து மொழிய வேண்டும். அதில் என் மாணவர்களிடம் நான் கண்டிப்பானவன். ஆனால் ஓதுதல் வேறு, தேநீர்க் கடையில் பேசுதல் வேறு. அரபியரும் பேச்சில் ஒரே வார்ப்பாக இல்லை. குறைஷியர் ஹம்ஸாவை மென்மையாக்கினார்கள். தமீம் குலத்தார் அழுத்தி ஒலித்தார்கள். யமனின் ஹிம்யர் மக்கள் ‘அல்’ என்பதை ‘அம்’ என்றார்கள். இன்றைய கெய்ரோ நகரத்தார் தம் பேச்சில் ‘காஃப்’ எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள். வளைகுடாவினரிற் பலர் அதனை ஆங்கில ‘கோல்’ என்பதன் முதலொலி போல ஒலிக்கிறார்கள். மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் எண்ணுகிறது. கெய்ரோ நகரத்தாருக்கு உள்ள உரிமை காயல்பட்டினத்துப் பாட்டிக்கு இல்லையா?

நம் பேச்சைப் பிறர் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தெருவில் நம்மை ‘பாய்’ என்று அழைக்கிறார்கள். அன்போடுதான் அழைக்கிறார்கள். ஆனால் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் உடன்பிறந்தவனை ‘பாய்’ என்று அழைப்பவர் அரியர். அது வெளியிலிருந்து நமக்குக் கிடைத்த பெயர். திரைப்படங்களிலோ நெடுங்காலம் ஒரு முஸ்லிம் பாத்திரம் தோன்றினால் ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று உளற வேண்டும் என்பது எழுதாத விதியாக இருந்தது. ஆயிரம் மசலாவும் சீறாப்புராணமும் தந்த சமுதாயத்துக்குத் தமிழ் பேசத் தெரியாது என்று எண்ணும்படி ஒரு தலைமுறையே சிரிக்கப் பழகியது. தேங்காய்ப்பட்டினத்துப் பேச்சை அதன் உப்புக் காற்றோடு அச்சில் ஏற்றிய தோப்பில் முகமது மீரானுக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது பலர் மகிழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இழப்பு எங்கே நேர்கிறது என்றால், வீட்டுக்குள்தான். ‘வாப்பா’ ‘டாடி’ ஆகிவிட்டார். ‘உம்மா’ ‘மம்மி’ ஆகிவிட்டார். அரபுத்தமிழுக்கு ஏற்கெனவே இது நேர்ந்துவிட்டது. தமிழின் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அமைக்கப்பட்ட அந்த எழுத்துமுறையில்தான், தமிழ் எழுத்தறியாத பெண்களும் படித்தார்கள், கடிதம் எழுதினார்கள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் நூல்கள் இயற்றினார்கள். இன்று பழைய பெட்டிகளில் அத்தகைய கடிதங்கள் கிடக்கின்றன. பட்டம் பெற்ற பேத்திக்கு அரபு எழுத்து தெரியும், தமிழும் தெரியும். ஆயினும் கொள்ளுப்பாட்டி என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டில் எண்பதைக் கடந்த பெண்மணி ஒருவர் இருந்தால், இந்தப் பெருநாள் விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் அமருங்கள். "பழைய சொல் ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. அடுப்படிக்கு அழைத்துச் சென்று ஒவ்வொரு பாத்திரத்தையும் காட்டிக் கேளுங்கள். குழந்தையைத் தாலாட்டும்போது என்ன சொல்வார், அதட்டும்போது என்ன சொல்வார், மாமியார் முன்னால் கணவரை எப்படிக் குறிப்பிட்டார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் முதலில் ஒரு சிரிப்புத்தான் வரும். பேனாவை மூடிவிடாமல் சற்றுக் காத்திருங்கள்.