பட்டியலின் அடிவரிசை

எங்கள் செந்துறை வட்டத்துத் தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை இருக்கிறது. 2008-ல் சென்னை ஐ.பி.எல். அணியை 9.1 கோடி டாலருக்கு வாங்கியது அந்த நிறுவனம்தான். எங்கள் மண்ணைத் தோண்டி எடுத்த சுண்ணாம்புக்கல்லில் வந்த காசு கொஞ்சமாவது தோனியின் சம்பளத்துக்குப் போயிருக்கும் என்று இந்தப் பக்கத்தில் அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பிற்பாடு அணி தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2024 டிசம்பரில் சிமென்ட் நிறுவனமே அல்ட்ராடெக் கைக்குப் போனது. காகிதத்தில் பார்த்தால் எங்களுக்கும் அணிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் நான் கணக்கு எழுதுகிற சிமென்ட், இரும்புக் கடையில் ஏப்ரல், மே வந்துவிட்டால் மூட்டை விலைக்கு அடுத்த பேச்சு சி.எஸ்.கே.தான்.

2020 முதல் 2025 வரையிலான ஆறு சீசன்களை வரிசையாகச் சொல்கிறேன். 2020-ல் ஏழாம் இடம். 2021-ல் கோப்பை. 2022-ல் ஒன்பதாம் இடம். 2023-ல் கோப்பை. 2024-ல் ஐந்தாம் இடம். 2025-ல் பத்தாவது, அதாவது கடைசி இடம். அணியின் வரலாற்றிலேயே கடைசி இடம் அதுதான் முதல் தடவை. கம்பி எடுக்க வந்த கொத்தனார் ஒருவர் கேட்டார்: “ஏம்மா, ஒரு வருசம் கோபுரத்துல ஏத்துறானுவ, மறு வருசம் குழியில தள்ளுறானுவ. ஒரே ஓனரு, ஒரே கோச்சு. எப்படிம்மா?”

அவருக்கு அன்றைக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். கணக்கு எழுதுகிறவளுக்கு ஸ்கோர் அட்டைக்குப் பக்கத்தில் சம்பளப் பட்டியலையும் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. சி.எஸ்.கே.யின் ஏற்ற இறக்கம் அந்தப் பட்டியலில் பச்சையாகத் தெரிகிறது.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எல்.லில் எந்த முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரர் என்பது ஒரு பொருட்டே இல்லை. வீரர்களுக்குச் செலவிட எல்லா அணிக்கும் ஒரே மேல்வரம்பு. 2008-ல் அது 50 லட்சம் டாலர். 2021-ல் 85 கோடி ரூபாய், 2025-ல் 120 கோடி. அதற்குள் 18 முதல் 25 பேரை வாங்க வேண்டும், வெளிநாட்டவர் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. 2025 முதல் ஆட்டத்துக்கு ஏழரை லட்சம் என்று தனியாகவும் கொடுக்கிறார்கள். ஆகவே 30 லட்சத்துக்கு ஏலம் போன பையன் 14 லீக் ஆட்டமும் ஆடினால் மேற்கொண்டு 1 கோடியே 5 லட்சம் சம்பாதிப்பான். நல்ல ஏற்பாடு அது.

அமெரிக்காவின் பேஸ்பால் லீக்கில் இப்படிக் கறாரான வரம்பு இல்லை. ஒரு தொகையைத் தாண்டினால் வரி கட்டிவிட்டு இன்னும் செலவழிக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 2023 டிசம்பரில் ஷோஹெய் ஒஹ்தானி என்ற ஒரே ஆளுக்குப் பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது, 2024-லும் 2025-லும் பட்டம் வென்றது. ஆனால் 2023-ல் அதுவரை யாரும் கொடுக்காத சம்பளத்தைக் கொட்டிய நியூயார்க் மெட்ஸ் 75 ஆட்டத்தில் வென்று 87-ல் தோற்றது. 2002-ல் சுமார் 4 கோடி டாலர் சம்பளம் கொடுத்த ஓக்லண்ட் அணியும், 12 கோடிக்கு மேல் கொடுத்த நியூயார்க் யாங்கீஸும் ஆளுக்கு 103 வெற்றி பெற்றன. வரம்பே இல்லாத இடத்திலும் பணம் மட்டும் காரியத்தை முடித்துவிடுவதில்லை. எல்லாருக்கும் ஒரே தொகை என்கிற இடத்தில் எந்த ரூபாய் யாருக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2021 பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருட ஏலத்தில் சி.எஸ்.கே. கிருஷ்ணப்பா கவுதமுக்கு 9.25 கோடி கொடுத்தது. அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் 635 ரன் அடித்து ஆரஞ்சு தொப்பி வாங்கிய ருதுராஜ் கெய்க்வாட்டுக்குச் சம்பளம் 20 லட்சம். அவருடன் தொடக்கத்தில் இறங்கி 633 ரன் அடித்த டு பிளெசிக்கு 1.6 கோடி. இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு கோடிகூட இல்லை! துபாயில் கோப்பையைத் தூக்கினார்கள்.

2023 இன்னும் அழகு. பென் ஸ்டோக்ஸ் 16.25 கோடி. இரண்டு ஆட்டம், 15 ரன். ரஹானேவை யாரும் கேட்காத நிலையில் அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தார்கள். அவர் 326 ரன் அடித்தார், அதுவும் 100 பந்துக்கு 172 என்கிற வேகத்தில். கான்வே 1 கோடி, 672 ரன். துஷார் தேஷ்பாண்டே 20 லட்சம், 21 விக்கெட். பதிரனா 20 லட்சம், 19 விக்கெட். அகமதாபாத் இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா அடித்த சிக்ஸரும் பவுண்டரியும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கடைசி இரண்டு பந்து வரைக்கும் அணியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பட்டியலின் அடிவரிசையில் இருந்தவர்கள் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்?

சறுக்கிய வருடங்களில் நேர்மாறு. 2020-ல் கேதார் ஜாதவ் 7.8 கோடிக்கு 62 ரன். 2022-ல் தீபக் சாஹருக்கு 14 கோடி, காயத்தால் சீசன் முழுக்க ஒரு பந்தும் போட முடியவில்லை. காயத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்டோக்ஸ் போனபோது தாங்கிய அணி, சாஹர் போனபோது ஏன் விழுந்தது? 2023-ல் அடியில் ஆள் இருந்தது. 2022-ல் அந்த ஆட்கள் இன்னும் கனியவில்லை.

பொங்கலுக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டியிலும் இதே கதைதான். வசூல் பணத்தில் பாதியை வெளியூர் ஆட்டக்காரர் ஒருவருக்கு வண்டிச் செலவு, சாப்பாடு, கைச்செலவு என்று கொடுத்துக் கூட்டி வருவார்கள். அவர் மூன்று ஓவர் நின்றுவிட்டால் கோப்பை. முதல் ஓவரிலேயே போய்விட்டால் மீதி ஆள் யார் என்று அப்போதுதான் பார்ப்பார்கள்.

இனி 2025. நான் அதிகம் வருத்தப்பட்ட சீசன் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஏலத்துக்கு முன்பே ருதுராஜ் 18 கோடி, ஜடேஜா 18 கோடி, பதிரனா 13 கோடி, ஷிவம் துபே 12 கோடி, தோனி 4 கோடி என்று 65 கோடியைத் தக்கவைப்பிலேயே முடித்துவிட்டார்கள். ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாதவரை உள்ளூர் வீரர் கணக்கில் சேர்க்கலாம் என்று விதி வந்ததால் தோனிக்கு 4 கோடி. 2008-ல் அவர் வாங்கப்பட்டது 15 லட்சம் டாலருக்கு, அன்றைய மொத்த வரம்பில் முப்பது சதவீதம். மிச்சம் 55 கோடியில் இருபது பேரை வாங்க வேண்டும். ஜெட்டாவில் இரண்டு நாள் நடந்த ஏலத்தில் வாங்கி முடித்தபோது கையில் மிஞ்சியது 5 லட்சம். ஒரு கணக்கராக அந்தத் துல்லியத்தைப் பாராட்டுகிறேன்.

ஆனால் யாருக்குப் போனது? அஸ்வின் 9.75 கோடி, கான்வே 6.25 கோடி, ரச்சின் 4 கோடி, சாம் கரன் 2.4 கோடி, விஜய் சங்கர் 1.2 கோடி. எல்லாரும் முன்பு இந்த மஞ்சள் சட்டையைப் போட்டவர்கள். அஸ்வின் பத்து வருடம் கழித்துச் சேப்பாக்கத்துக்குத் திரும்புகிறார் என்றபோது என் கண்ணும் கலங்கியது உண்மை. ஒன்பது ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஏழு விக்கெட். 1 கோடிக்கு 672 ரன் கொடுத்த கான்வே, 6.25 கோடிக்கு 156 ரன் கொடுத்தார். 20 லட்சத்தில் 19 விக்கெட் எடுத்த பதிரனா 13 கோடியில் 13 விக்கெட் எடுத்தார். அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பழைய உழைப்புக்கான கூலியை அணி இப்போது கொடுத்தது. அந்தக் கூலி நியாயமானது. ஆனால் அதே பணத்தில் புது ரன் வராது. மேல்வரம்பு உள்ள ஆட்டத்தில் விலை என்பது போன வருடத்தைச் சொல்கிறது. விலை இன்னும் ஏறாத ஆளிடமிருந்துதான் கோப்பை வருகிறது.

விளைவு எல்லாரும் பார்த்ததுதான். 2008-க்குப் பிறகு முதல்முறையாகச் சேப்பாக்கத்தில் பெங்களூருவிடம் தோல்வி. கொல்கத்தாவுக்கு எதிராக அதே மைதானத்தில் 9 விக்கெட்டுக்கு 103. முழங்கைக் காயத்தால் ருதுராஜ் ஐந்து ஆட்டத்தோடு வெளியேற, தலைமை மறுபடி தோனியிடம் வந்தது. பதினான்கில் நான்கு வெற்றி.

பெரிய விலை எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. 10 கோடிக்கு வந்த நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். அவருக்கு அப்போது இருபது வயது, ஏறுமுகத்தில் இருந்தவர். சீசன் பாதியில் காயமடைந்தவர்களுக்குப் பதிலாக வந்த இரண்டு பையன்களும் அப்படித்தான். ஆயுஷ் மாத்ரே, வயது 17, சம்பளம் 30 லட்சம். ஏழு ஆட்டத்தில் 240 ரன், பெங்களூருவுக்கு எதிராக 94. டெவால்ட் பிரெவிஸ் 2.2 கோடி, ஆறு ஆட்டத்தில் 225 ரன். கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன்னில் வென்ற அணி வேறு அணி போல இருந்தது. மார்ச்சிலேயே இவர்கள் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

இதில் எனக்குத் தனியாக ஒரு மனக்குறை உண்டு. விலை ஏறாத ஆட்கள் நம் வாசலிலேயே இருந்தார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து ஆடி வளர்ந்த நடராஜனை 2017-ல் 3 கோடி கொடுத்து எடுத்தது பஞ்சாப். சாய் சுதர்சனை 2022-ல் 20 லட்சத்துக்கு எடுத்தது குஜராத். மறு வருடம் நம் மாநில லீக்கான டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அணி அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது, ஐ.பி.எல். சம்பளத்தைவிட அதிகம். அதே 2023-ல் சி.எஸ்.கே.க்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 அடித்தவர் அந்தச் சென்னைப் பையன். 2025-ல் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பியும் அவருக்கே. சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசன் சி.எஸ்.கே.யில் ஒரு ஆட்டம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். குஜராத் அவரை 3 கோடிக்கு அழைத்துப்போய் ஆடவைத்தது. சென்னை அணி என்றால் தமிழ்நாட்டுக்காரர்தான் ஆட வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. ருதுராஜ் புனே, தோனி ராஞ்சி, எனக்கு இருவரும் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் உள்ளூர் லீக்கைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு அடிவரிசையை வேறெங்கோ தேடுவது கணக்குப்படி நஷ்டம்.

2025 நவம்பரில் நடந்ததைப் பார்த்தபோது யாரோ இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஜடேஜாவையும் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து 18 கோடிக்குச் சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். பதிரனா, கான்வே, ரச்சின் எல்லாரையும் விடுவித்தார்கள். ஜடேஜா போனது எனக்கு ஆறவில்லை. எங்கள் அப்பாயி, கிரிக்கெட்டில் ஓவர் எது விக்கெட் எது என்று தெரியாதவர், “அந்த வாள் சுத்துற தம்பிய ஏன் அனுப்பிட்டாங்க?” என்று கேட்டார். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் 16-ல் அபுதாபி ஏலத்துக்கு 43.4 கோடியோடு போனார்கள். இந்தியாவுக்கு இன்னும் ஆடாத இரண்டு இளைஞர்கள், உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். ஆளுக்கு 14.2 கோடி கொடுத்து வாங்கினார்கள். இரண்டு பையன்களுக்கு 28.4 கோடி! கடையில் இரண்டு நாள் வாக்குவாதம். திசை சரி, விலை அதிகம் என்பது என் கட்சி. முன்பு 20 லட்சத்தில் கிடைத்த துணிச்சலுக்கு இப்போது ஏலத்தில் எல்லா அணியும் கை தூக்குகிறது. முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தவறினால் ஏலத்தில் அதற்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைகள் மீது 14 கோடி என்கிற பாரத்தை முதல் ஆட்டத்திலேயே ஏற்றாமல் ரசிகர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

நான் 2026-ல் முதலில் தேடப்போகும் பெயர் அவர்கள் இருவரும் இல்லை. தமிழ்நாடு ரஞ்சி அணியின் உயரமான இடதுகை வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங். 2024 அக்டோபரில் கோவையில் சௌராஷ்டிராவுக்கு எதிராக 22 ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்து, புஜாராவை ரன் எடுக்கவிடாமல் அனுப்பியவர். 2.2 கோடிக்கு எடுக்கப்பட்டு, காயத்தால் 2025-ல் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அவர் இன்னும் அணியில் இருக்கிறார். சேப்பாக்கத்தில் புதுப் பந்தை அவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள் என்று தேர்வாளர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.